தலைகீழாக் கவுத்து வையுங்க

"ஃப்ரீசரைத் தலைகீழாக் கவுத்து ஒரு நாள் வையுங்க. தானா ஓடும்."

ஐலா போனைப் பாத்து இதை வாசிச்சதும் எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்!

"எவன்டி அவன்? உள்ள ஒரு முழு மூஸ் மான் கெடக்கு. கவுக்கறதுக்கு கிரேன் அனுப்புவானாமா?"

ஐலா எனக்குப் பக்கத்து வீடு. அவ புருஷன் ரெய்னோவுக்கு வருஷக்கணக்கா குலுக்கல்ல பேர் வராம, இந்த வருஷந்தான் மூஸ் சுட அனுமதி கெடைச்சுது. சுட்டான், வெட்டினான், ஃப்ரீசர்ல அடுக்கினான், சுரங்க வேலைக்குக் கெளம்பிப் போயிட்டான். குளிர்காலம் பூரா அந்தக் குடும்பத்துக்கு அதுதான் கறி.

இன்னிக்குக் காலையில பெட்டி டிக்குன்னுது. அப்புறம் கம்முன்னு ஆயிடுச்சு.

எங்க வடகோடி ஊருல அக்டோபர் மாசம்னா வெளிய பனி கொட்டணும். இந்த வருஷம்னு பாத்து சட்டை நனைய வேர்க்குது. எங்க ஃப்ரீசர்ல மீனு, எதுத்த வீட்டுலயும் மீனு, வெக்க எடமில்ல. ரிப்பேர்காரர் அடுத்த வாரந்தான் வருவாராம்.

"ஊர் ஃபேஸ்புக் குரூப்புல போட்டியா?"

"போட்டேனே. எத்தனை இதயம் வந்துருக்கு பாரு! கும்பிடற கை, கட்டிப்புடிக்கற பொம்மை, 'தைரியமா இரு ஐலா'ன்னு ஆறுதல்..."

"ஆறுதல்ல கறி ஒறையுமாடி?"

அப்புறந்தான் இன்டர்நெட்டுல ரிப்பேர் தெரிஞ்சவங்க கூடற ஒரு சைட்டுல கேட்டிருக்கா. அங்க யாருக்கும் சொந்தப் பேரு கெடையாது. மூஞ்சியும் கெடையாது. புதுசா வர்றவங்கன்னா ஒருத்தரும் சீந்த மாட்டாங்க. மதியம் வரைக்கும் ஈ, காக்கா எட்டிப் பாக்கல. கடைசியா 'துருப்புடிச்ச ஸ்பேனர்'னு ஒருத்தன் வந்து, கவுத்து வைன்னுட்டுப் போயிருக்கான்.

"ஏய், இங்க பாரேன்!"ன்னு ஐலா கத்தினா.

போன் டிங் டிங்குன்னு அடிச்சுகிட்டே இருந்துச்சு.

"அம்மா, அந்தக் கழுதை பேச்சைக் கேக்காதீங்க!"

"யோவ் ஸ்பேனர், உனக்கு மூளையும் துருப்புடிச்சுடுச்சா?"

"டிக்குன்னுட்டு நின்னா, மோட்டரைக் கெளப்பி விடற ரிலே போச்சுன்னு அர்த்தம்மா. மொதல்ல பிளக்கைப் புடுங்குங்க. பின்னாடி உருண்டையா மோட்டர் இருக்கும், பக்கத்துல சின்னதா ஒரு பெட்டி ஒட்டிகிட்டிருக்கும். அதை உருவி ஆட்டிப் பாருங்க."

ஐலா உருவினா. ஆட்டினா. கிலுகிலுப்பை மாதிரி சத்தம்.

"செத்துப்போச்சு அது"ன்னு ஒருத்தர். "மாடல் நம்பரைப் போட்டோ புடிச்சுப் போடுங்க"ன்னு இன்னொருத்தர். மூணாவதா ஒருத்தர், "இதே கம்பெனி பழைய ஃப்ரிட்ஜ் அக்கம்பக்கத்துல இருக்கா? அதுல இருக்கறது இதுக்கும் பொருந்தும்"னார்.

இருந்துச்சு. எங்க வீட்டு நெலவறையில, என் வீட்டுக்காரரோட பீர் ஃப்ரிட்ஜு.

அவரு ஷிப்டு முடிஞ்சு வர்றதுக்குள்ள உருவிட்டேன். குடிக்கட்டும் சூடா.

மாட்டி, பிளக்கைச் சொருகினதும் ஃப்ரீசர் உர்ருன்னுச்சு. ஐலா அதைக் கட்டிப்புடிச்சுகிட்டு அழறா. கறி ஓரத்துல கூட எளகல.

எனக்கு மட்டும் வாய் அரிச்சுது. அந்த ஸ்பேனர் பேரைத் தட்டி, முன்னாடி என்னென்ன எழுதியிருக்கான்னு பாத்தேன். அத்தனையும் கோணல்! துணி மெஷினை ஆத்துல முக்கி எடுக்கச் சொல்லியிருக்கான். ஏசியைக் கட்டில்ல படுக்க வெச்சுத் தாலாட்டச் சொல்லியிருக்கான். ஒவ்வொண்ணுக்கும் கீழ ஊரே கூடித் திட்டியிருக்கு.

விடுவேனா? ஐலா போன்லயே அவனுக்குத் தனியா எழுதினேன்.

"யோவ், நான் பக்கத்து வீட்டுக்காரி. உன் வாயில ஒண்ணாவது உருப்படியா வருமாய்யா?"

ஒடனே பதில் வந்துச்சு. "ஃப்ரீசர் ஓடுதாங்க?"

"ஓடுது. ஒன்னால இல்ல. ஒன்னைத் திட்ட வந்தவங்களால."

"அப்பாடா. டிக்குன்னு நின்னுச்சுன்னு அவங்க எழுதினப்பவே ரிலேதான்னு நெனச்சேன்."

"தெரியுமா? தெரிஞ்சா அதைச் சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"முன்னாடி அப்படித்தாங்க சொல்லிகிட்டிருந்தேன். நான் சொல்லிட்டா மத்தவங்க அந்தப் பக்கமே வர மாட்டாங்க. எனக்குத் தெரிஞ்சது பாதிதான். ரிலேன்னு தெரியும், எந்த ஃப்ரிட்ஜுல உருவலாம்னு எனக்கெங்க தெரியும்? ஆனா எவனாவது தப்பாச் சொன்னா எங்காளுங்களுக்குப் பொறுக்காது. சாப்பாட்டுத் தட்டோட ஓடி வருவாங்க."

நான் போனைக் கிட்ட இழுத்துத் திரும்பத் தட்டினேன்.

"அவ பாட்டுக்கு நெசமாவே கவுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"உள்ள முழு மூஸ் கெடக்குன்னு அவங்களே எழுதியிருந்தாங்களே, எப்படிங்க கவுப்பாங்க? செய்யவே முடியாத தப்பாப் பாத்துத்தான் சொல்லுவேன்."

"எல்லாரும் கழுதைங்கறாங்களே, ஒங்களுக்கு வலிக்கலியாங்க?"

"சேச்சே, தங்கமான மனுஷங்க அவங்க. கொஞ்சம் இருங்க, டெக்சஸ்ல ஒரு பொண்ணு, கைக்கொழந்தையோட இருக்காம். துணி மெஷின் ஓடலன்னு காலையில கேட்டுருக்கு, இன்னும் ஒருத்தர் கூடக் கண்டுக்கல. போய் ஒரு முட்டாத்தனமான பதிலைப் போட்டுட்டு வந்துடறேன்."