மைக் எங்கே இருக்கு?

"மைக் எங்கே இருக்கு?" என்று அவன் கேட்டான்.

கடைக்காரர் நைனா முகம்மது பாய் கேமராவின் ஜூமைக் காட்டினார்.

எதிர்க்கடைப் பலகையில் உட்கார்ந்திருந்த காக்கையின் தலை, கடைக்குள்ளிருந்த டிவி முழுக்க வந்து நின்றது.

"காக்கா கண்ணு ஓரத்துல பீளை தெரியுது பாருங்க. ஃபுல் ஹெச்டி."

தெரிந்தது. பாவம், காக்கைக்குக் கண்வலி.

"சவுண்டு எப்படி வரும் பாய்?"

"சவுண்டெல்லாம் வரும் சார்."

சாப்பாட்டோடு தண்ணீரும் வைப்போம் என்பதைப்போலச் சொல்லிவிட்டு, கேமராவைக் கல்லா மேல் வைத்தார். அடுத்த பெட்டியைப் பிரிக்கப் போனார்.

காலையிலிருந்து பர்மா பஜாரில் இதே பாட்டுதான். ஒரு கடையில், இருட்டிலும் எடுக்கும் என்றார்கள். இன்னொன்றில், சிரித்தால் தானாகவே எடுக்கும். மற்றொருவன் தண்ணீருக்குள் முக்கியே காட்டினான்.

பத்தடி தள்ளி நின்று ஒரு பெண் பேசினால் எப்படிக் கேட்கும்?

அதை ஒருத்தனும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அவன் மனைவிக்கு அறுவை சிகிச்சை. குரல்வளையை எடுத்துவிடுவார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகாது, பேச்சு மட்டும் இருக்காது என்றார் டாக்டர்.

மட்டும்!

வீட்டில் செல்போனை நீட்டிப் பார்த்தாயிற்று. ரேஷன் கார்டுக்குப் படம் பிடிக்க வந்தவளைப்போல விறைத்து நின்றாள். "என்னத்தப் பேச?" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து வாய் ஓயாதவள். பதிவானதெல்லாம் மின்விசிறிச் சத்தம்.

நல்ல கேமராவாக வாங்கி அலமாரியில் தூரமாக வைத்துவிட்டால், மறந்துபோய்ப் பேசிவிடுவாள் என்பது அவன் கணக்கு.

"நாலு நாள் பேச்சுக்கு இவ்ளோ விலையில ஒரு டப்பாவா?" என்பது அவள் கணக்கு.

பாய் விலையைச் சொன்னார்.

அதுவரை வாசல் ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள்.

"என்ன பாய், வந்த கப்பலுக்கும் சேத்து விலை சொல்றீங்களா?"

மூன்று மாதமாகவே குரல் கரகரப்புதான். ஆனால் "பாய்" என்பதில் அந்த இழுப்பு, அதற்கடுத்த வெட்டு, இரண்டும் அவளுடையவை.

"வந்த விலையே அதான்க்கா."

"வந்த விலைக்கு விக்க இதென்ன தர்ம சத்திரமா? கேமரா பை மேல கோடு கோடா கிழிச்சிருக்கு. இத நானா வந்து கிழிச்சேன்?"

"அது டிசைன்க்கா."

"அப்ப என் நெத்தியில இருக்கிற சுருக்கமும் டிசைன்தான். எவனாவது கூடக் குடுப்பானா?"

அவனுக்குத் தலை வலித்தது. "விடு, வாங்கிட்டுப் போயிடலாம்" என்றான்.

"நீங்க சும்மா இருங்க. உங்கள விட்டா கேமராவையும் வாங்கி, இவரு கடை வாடகையையும் கட்டிட்டு வருவீங்க."

பாதி விலைக்குக் கேட்டுவிட்டு, விறுவிறுவென்று படியிறங்கினாள்.

அது பஜாரின் முறை. வாங்குகிறவர் கோபித்துக்கொண்டு இறங்க வேண்டும். இரண்டு கடை தாண்டுவதற்குள் விற்கிறவர் கூப்பிட வேண்டும். சீக்கிரம் கூப்பிட்டால் விலை போச்சு. தாமதித்தால் ஆளே போச்சு.

இன்னும் எத்தனை தடவை இறங்கி ஏறப்போகிறாளோ. அவன் எரிச்சலோடு டிவி பக்கம் திரும்பினான்.

காக்கை இல்லை.

கல்லா மேலிருந்த கேமரா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி மினுங்கியது. வெளியே, பக்கத்துக் கடைக்காரனிடம் அவள் முறையிட்டுக்கொண்டிருந்தாள்.

"கேக்குறதுக்கு ஆளில்லன்னு நெனச்சுட்டாரு உங்க பாய்!"

டிவியிலும் அவள்தான். கைவீச்சு, வளையல் சத்தம், எல்லாம்.

"பாய், இது பதிவாகுதா?"

"காக்காவுக்குப் போட்டது சார், நிறுத்தல. அழிச்சுட்டுத்தான் தருவேன்."

"அழிக்காதீங்க. வெள்ளிக்கிழம அவளுக்கு ஆபரேஷன். அப்புறம் பேச முடியாது."

பாய் டிவியைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். பிறகு, ஒரு வியாபாரிக்குத் தெரிந்த ஒரே கருணையைச் செய்தார்.

"அக்கா! வாங்க. நீங்க கேட்ட விலைக்கே எடுத்துக்குங்க!"

அவள் வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். கைப்பையைத் திறந்தாள்.

ஒரு வார்த்தை பேசவில்லை.

எப்போதுமே அப்படித்தான். ஜெயித்துவிட்டால் அவளுக்குப் பேச எதுவும் இருக்காது.

டிவியில் மின்விசிறிச் சத்தம்.

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவரை யார் குறைக்கச் சொன்னது? கல்லா மேல் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

"ஒத்துக்காதீங்க பாய்."

பாய்க்கு ஒரு கணம் பிடிபடவில்லை. தலைக்கு மேல் சட்டம் போட்ட அவர் தகப்பனார் படம் தொங்கியது. அவர் காலத்திலிருந்து சொன்ன சொல்லை மாற்றாத கடை.

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அக்கா, பேட்டரி சேராது. அது தனி விலை."

கைப்பையின் ஜிப் படக்கென்று மூடியது.

"என்னது? பேட்டரி தனியா? அப்ப இத எதுல ஓட்டுறது, வாயால ஊதியா? தாடி நரைச்ச மனுஷன் பேசுற பேச்சா இது! ஏங்க, கேட்டீங்களா இந்த அநியாயத்த?"

கேட்டான்.

"சார்ஜரும் தனிதான்க்கா" என்றார் பாய்.

கல்லாவைத் துடைப்பதுபோல், கேமராவை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"மைக் முன்னாடிதான் சார் இருக்கு."