மனு எழுதிய கை

ஆசிரியர்களின் வேலைநிறுத்தம் நான்காம் நாளைத் தொட்டுவிட்டது. மாவட்டக் கல்வி அதிகாரி அவர்களுடைய கோரிக்கை மனுவை ஆறாவது முறையாகப் படித்தார். மறுத்து எழுத ஓர் ஓட்டைகூடக் கிடைக்கவில்லை. எங்கேயோ படித்த மாதிரியும் இருந்தது.

"வகுப்புக்கு எழுபது பிள்ளைங்க, பேரைக் கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள மணி அடிச்சிடுதுன்னு எழுதியிருக்கான் பாருங்கம்மா. என்ன கொழுப்பு."

"உண்மைதானே சார்" என்றார் அலுவலகக் கண்காணிப்பாளர் அம்மாள். அந்த நாற்காலியில் ஏழு அதிகாரிகள் வந்து போனதைப் பார்த்தவர்.

"அதுதான் பிரச்சனையே. ஊரே அவங்க பக்கம் சாய்ஞ்சிடுச்சு. இதை எழுதினவனைத் தூக்கிட்டா மத்தவங்க பெட்டிப்பாம்பா அடங்கிடுவாங்க. மலைமேல இருக்கிற பள்ளிக்கு மாற்றல் உத்தரவு தயார் பண்ணுங்க. பேரை மட்டும் காலியா விடுங்க. சாயங்காலத்துக்குள்ள ஆள் யாருன்னு தெரியணும்."

மாலையில் அம்மாள் உத்தரவோடு பழுப்பேறிய கோப்பு ஒன்றையும் கொண்டுவந்து வைத்தார்.

"ஆள் கிடைச்சானா?"

"கிடைச்சுட்டார் சார். சங்கத்துல புதுசா யாரும் எழுதலையாம். இருபது வருஷமா எதுவும் மாறலைங்கறதால, பழைய மனுவிலேயே தேதியை மட்டும் மாத்திக் கொடுக்கறாங்க. கையால எழுதின முதல் மனு நம்ம பீரோவுலயே இருந்தது."

அதிகாரி கோப்பைத் திறந்தார். கடைசிப் பக்கத்தில், சங்கச் செயலாளர் என்ற இடத்துக்கு மேலே இருந்த கையெழுத்தைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று காலை முழுக்கக் காகிதங்களில் அவர் போட்டுத் தள்ளியதும் அதே கையெழுத்துதான்.

அம்மாள் பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினார்.

"உத்தரவுல பேரை நீங்களே எழுதிடறீங்களா சார்?"