இரண்டு புள்ளிகள் போதும்

ரிங் போய்க்கொண்டே இருந்தது. மகள் எடுக்கவில்லை.

எடுக்காமலே இருந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தான்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் சுவரோரமாக நின்றிருந்தான். ஒரு கையில் போன். இன்னொரு கையில் நர்ஸ் கொடுத்த பிளாஸ்டிக் கவர். அதற்குள் மனைவி இந்திராணியின் கம்மலும் மெட்டியும்.

நேற்று நெஞ்சு கரிக்கிறது என்றாள். வாயுவாக இருக்கும் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டுதான் ஆட்டோவில் வந்தார்கள். சற்றுமுன் டாக்டர் வெளியே வந்து, காப்பாற்ற முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னது காதில் விழுந்தது. அவ்வளவுதான்.

அழுகை வரவில்லை.

வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் மகளுக்கு அவன் சொல்லிவிட வேண்டும்.

"சொல்லுங்கப்பா."

நிரோஷா எடுத்துவிட்டாள்.

"சாப்பிட்டியாம்மா?"

"எதிர்வீட்டு அத்தை தோசை குடுத்தாங்க. அம்மா எப்படிப்பா இருக்காங்க?"

"நீ என்ன பண்ணிட்டிருக்க?"

"கணக்கு. கிராஃப் போடணும்."

சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தான்.

"என்ன கணக்கு?"

அவன் ஒருநாளும் பாடம் கேட்டதில்லை. நெல் அறுக்கும் மிஷின் ஓட்டுகிறவன். அறுவடைக் காலத்தில் ஊர் ஊராகப் போய்விடுவான். மகள் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் இந்திராணிதான். அவளுக்கும் ஒன்றும் புரியாது. ஆனாலும் உட்கார்ந்திருப்பாள்.

"இது ப்ளஸ் ஒன் கணக்குப்பா. உங்களுக்குப் புரியாது."

"பரவால்ல. சொல்லு."

"ரெண்டு எக்ஸ் பிளஸ் ஒய், ஆறு. அதுக்குப் புள்ளி கண்டுபிடிக்கணும். எக்ஸுக்கு நாமளா ஒரு நம்பர் வச்சுக்கலாம்."

"நாமளாவா?"

"ஆமா, எது வேணா. சைபர் வச்சா ஈசி. எக்ஸ் சைபர்னா ஒய் ஆறு. அது ஒரு புள்ளி. எக்ஸ் மூணுன்னா ஒய் சைபர். அது இன்னொண்ணு. ரெண்டையும் சேத்துக் கோடு போட வேண்டியதுதான்."

"ரெண்டு போதுமா?"

"நேர்கோட்டுக்கு ரெண்டு போதும்ப்பா. தப்பாயிருக்குமோன்னு பயமா இருந்தா இன்னொண்ணு எடுத்துப் பாத்துக்கலாம்."

தாளின் மேல் ஸ்கேலை நகர்த்தும் சத்தம் கேட்டது.

காலி ஸ்ட்ரெச்சர் ஒன்று வந்தது. ஒதுங்கி வழிவிட்டான்.

கோடு போட்டிருப்பாள். இப்போது சொல்லிவிடலாம்.

"அப்புறம்?" என்றான்.

"அப்புறம் எந்தப் பக்கம்னு பாக்கணும். இதுல ஆறு மட்டும் இல்ல, ஆறுக்குக் கம்மியாவும் இருக்கலாம். அதனால கோட்டுல இல்லாத ஒரு புள்ளிய எடுத்துப் போட்டுப் பாக்கணும். நான் சைபர், சைபர் எடுத்தேன். ஆறை விடக் கம்மிதானே? சரியா வருது. அப்போ அந்தப் பக்கம் முழுக்க ஷேட் பண்ணணும்."

"சரியா வரலன்னா?"

"அடுத்த பக்கம்."

பென்சில் உரசத் தொடங்கியது. சாய்வாக, ஒரே சீராக.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

அங்கே, மகள் உட்கார்ந்திருக்கும் அறையில், இன்னும் எதுவும் நடக்கவில்லை.

அவள் மெதுவாகத் தீட்டட்டும். தாள் பெரியதாக இருக்கட்டும்.

வார்டு ஆயா பக்கத்தில் வந்து நின்றார். "வீட்டுக்குச் சொல்லிட்டீங்களா சார்? வண்டி வந்துரும்."

கவரைப் பிடித்திருந்த கையால் போனை மூடினான். கொஞ்சம் தாமதமாகத்தான் மூடினான்.

தலையை மட்டும் ஆட்டினான். ஆயா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்து போனார்.

மறுபடி காதில் வைத்தபோது பென்சில் சத்தம் இல்லை.

"யாருப்பா அது?"

"யாரோ. நீ முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்."

"வேற கணக்கு இருக்கா?"

வீட்டு மின்விசிறி சுற்றுவது கேட்டது. இத்தனை நாள் அது இவ்வளவு சத்தம் போடும் என்று அவனுக்குத் தெரியாது.

"இருக்குப்பா."

பக்கம் புரட்டும் சத்தம் வரவில்லை.

"எக்ஸ் பிளஸ் ஒய், பத்து" என்றாள். "எக்ஸ் சைபர்னா ஒய் பத்து. ஒண்ணுன்னா ஒம்பது."

"ம்."

"ரெண்டுன்னா எட்டு. மூணுன்னா ஏழு."

இந்தக் கோட்டுக்கும் இரண்டு போதும். இப்போது அது அவனுக்கும் தெரியும்.

அவன் நிறுத்தச் சொல்லவில்லை.

"நாலுன்னா ஆறு."

குரல் தேய்ந்துகொண்டு வந்தது.

"அஞ்சுன்னா..."

அதோடு நின்றுவிட்டது.

காத்திருந்தான். தாழ்வாரத்தின் கோடியில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். அவனைத்தானோ என்று திரும்பிப் பார்த்தான். அவனை இல்லை.

"சொல்லும்மா."

"அப்பா."

"ம்."

"அம்மாவுக்கு எந்தப் புடவை எடுத்து வைக்கட்டும்?"

இந்திராணியின் புடவைகளில் ஒன்றையாவது நினைத்துப் பார்க்க முயன்றான். கல்யாணத்துக்குக் கட்டியது. போன பொங்கலுக்கு எடுத்தது. ஒன்றுக்கும் நிறம் வரவில்லை.

"நீயே பாத்து எடும்மா."

"சரிப்பா."

பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு துணி, இன்னொரு துணி என்று எடுத்து வைக்கும் சத்தமும் கேட்டது.

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.