அப்பாவின் காலை மூச்சு

காரில் ஏறி உட்கார்ந்ததும் புருல் செய்த முதல் வேலை, செல்போனைத் திறந்து அப்பா மூச்சு விடுகிறாரா என்று பார்த்ததுதான். விடுகிறார். இன்றைய தேதிக்கு நேராகப் பச்சைக் கட்டம், அதற்குள் முந்நூற்று முப்பது.

"பாத்தீங்களா சித்தப்பா? பச்சை! நீங்க என்னடான்னா, 'அப்பாவுக்கு முடியல, உடனே கிளம்பி வா'ன்னு மாஸ்கோவுக்கு போன் போடுறீங்க."

எஸென் சித்தப்பா கியரை மாற்றினார். விமான நிலையத்தில் அவளைக் கட்டிக்கொண்டபோதும் அவர் வாய் திறக்கவில்லை. பிஷ்கெக் முழுவதையும் மூடியிருந்த நிலக்கரிப் புகைக்குள் கண்ணை இடுக்கிக்கொண்டு காரை ஓட்டினார்.

அந்த மௌனம்தான் அவளுக்குப் பயத்தைக் கிளப்பியது. சாவுச் செய்தியை அவர்கள் ஊர்ப் பக்கம் யாரும் போனில் சொல்ல மாட்டார்கள். தூர தேசத்தில் இருக்கும் பிள்ளையை 'உடம்பு சரியில்லை, வா' என்று மட்டும் சொல்லி வரவழைப்பார்கள். வாசலில் சொந்தபந்தம் சூழ்ந்து நின்று, கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டுதான் விஷயத்தைச் சொல்வார்கள்.

அப்பா மம்பெத்துக்கு ஆஸ்துமா. ஒரு பனிக்காலத்தில் செத்துப் பிழைத்தார். அதற்குப் பிறகு புருல்தான் அடம்பிடித்து இந்த ஏற்பாட்டைச் செய்தாள். தினமும் காலையில் அவர் மூச்சின் வேகத்தை அளக்கும் ஒரு குழாயில் ஊத வேண்டும். வந்த எண்ணை அம்மா போனில் தட்டினால், டாக்டருக்கும் மாஸ்கோ துணிக் கிடங்கில் நிற்கும் புருலுக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். மஞ்சள் வந்தால் மருந்தைக் கூட்டுவார்கள். சிவப்பு வந்தால் ஆம்புலன்ஸ்.

வீடியோவில் பேசினாலும் இதே பேச்சுதான். திரை முழுக்க அப்பா முகம் இருக்கும். குழாயைப் பிடித்திருக்கும் அம்மாவின் கை மட்டும் ஓரத்தில் தெரியும். "கரி வாளி தூக்கினா எனக்குந்தான் மூச்சு வாங்குது, நானும் ஒரு ஊது ஊதிப் பாக்கட்டுமாடி?" என்று அம்மா ஒருநாள் கேட்டாள். "ஐயோ, நீ ஊதிடாதே தாயே, அப்பா கணக்கு குழம்பிடும்!" என்று புருல் கத்தினாள். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"சித்தப்பா, என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க. அப்பா இருக்காரா?"

"ரோட்டைப் பாத்து ஓட்டட்டுமா, உன் மூஞ்சியைப் பாக்கட்டுமா?"

"வெளையாடாதீங்க. இருக்காரா, இல்லியா?"

சித்தப்பா ஒரு கையை எடுத்து, இருக்கை நடுவில் துணியில் சுற்றி வைத்திருந்த ரொட்டியின் மேல் வைத்தார். "ரொட்டி மேல சத்தியம். அண்ணன் இருக்கார். போதுமா?"

ரொட்டியைத் தொட்டுப் பொய் சொல்கிற மனிதர் இல்லை அவர். ஆனாலும் அவளுக்குச் சந்தேகம் போகவில்லை. ஊரே சேர்ந்து நாடகம் ஆடினால்? அப்பாவுக்குப் பதில் வேறு யாராவது ஊதி அனுப்பியிருந்தால்?

மறுபடியும் எண்ணைப் பார்த்தாள். திடமான ஆள் யார் ஊதினாலும் அது ஐந்நூறைத் தாண்டி எகிறும். முந்நூற்று முப்பது என்பது அப்பாவின் இழுக்கிற நெஞ்சுக்கே உரிய எண். மார்பில் ஏறியிருந்த கல் இறங்கியது போல இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அம்மா ஏன் போனை எடுக்க மாட்டேங்கிறா?"

"வீடு நிறைய ஜனம். போன் எங்க கெடக்கோ."

அப்பாவை விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் டீ ஊற்றிக்கொண்டிருப்பாள் என்று புருல் நினைத்தாள். மடியில் இருந்த பையைத் தட்டினாள். "அப்பாவுக்குப் புகை போகாத முகமூடி வாங்கியிருக்கேன். நல்ல கம்பளி பனியன் வேற."

"அம்மாவுக்கு?" சித்தப்பா முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பினார்.

"அவசரத்துல கிளம்பினேனே! அவளுக்கு அடுத்த தடவை."

சித்தப்பா வேகமாகச் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கார் தெருமுனையில் வளைந்தது. வீட்டு முற்றத்தில் கம்பளிக் கூடாரம் நின்றது. அதற்கு வெளியே ஆண்கள் இடுப்பில் கச்சை கட்டி, வரிசையாக நின்று வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார்கள். இந்தக் குளிரில் எவரும் சும்மா முற்றத்தில் கூடாரம் அடிக்க மாட்டார்கள். உள்ளே பிணம் கிடத்தியிருக்கும்.

"ரொட்டியைத் தொட்டுப் பொய் சொல்லிட்டீங்களே சித்தப்பா! நீங்களெல்லாம் மனுஷனா?"

கார் நிற்பதற்குள் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். "அப்பா! என் அப்பா!" என்று கத்திக்கொண்டே முற்றத்து நடுவில் தரையில் விழுந்தாள்.

வரிசையில் முதலாவதாக, கைத்தடியில் சாய்ந்து நின்று அழுதவர் திரும்பினார். இழுத்து இழுத்து மூச்சு வாங்கியபடி வந்து, குனிந்து அவளைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். அப்பாதான்.

புருலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் கன்னத்தை, தாடியை, தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "அப்பா, நீங்க... அப்ப உள்ள யாரு?"

"நீ வழியெல்லாம் பதறிக்கிட்டு வருவேன்னுதான் காலையில நானே ஊதி, நானே நம்பரைத் தட்டிவிட்டேன்." கூடாரத்தைப் பார்க்க முடியாமல் அவள் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"எல்லாரும் என் மூச்சையே பாத்துக்கிட்டு இருந்துட்டோம் கண்ணு, உங்கம்மா மூச்சு நின்னதை யாரும் பாக்கலியே!"