முப்பது கிலோமீட்டர் மாப்பிள்ளை

சரியாக முப்பதாவது கிலோமீட்டரில் மாப்பிள்ளை பைக்கை ஒரு பெட்ரோல் பங்கில் ஓரங்கட்டினார்.

"என்ன மாப்ள, ஆரம்பிச்சிடுச்சா?" என்றார் பின்னால் இருந்த மாமனார்.

"சீட்டா இது, கல்லு. இடுப்பே விட்டுப் போச்சு மாமா."

மாமனார் சிரித்துக்கொண்டே இறங்கினார். முப்பத்தொரு வருஷம் தொலைதூர பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எட்டு மணி நேரம் சீட்டை விட்டு எழாமல் ஓட்டிய கதையை இந்த இடத்தில் ஒரு தடவை சொல்வார். அடுத்த முப்பதாவது கிலோமீட்டரில் இன்னொரு தடவை சொல்வார். சொல்லி முடித்ததும், "நீங்க இடுப்பை நிமித்துங்க. நான் சும்மா எதுக்கு நிக்கணும், அப்படி ஒரு நடை போயிட்டு வரேன்" என்று பெட்ரோல் பங்கின் பின்பக்கம் போய்விடுவார்.

மாமியார் இரண்டாவது மகள் வீட்டில், பிறந்து ஆறு மாதமான இரட்டைக் குழந்தைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மாமனார் இங்கே மூத்த மகளோடும் மாப்பிள்ளையோடும் இருந்தார். நூற்றைம்பது கிலோமீட்டர். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு இவர்கள் இருவரும் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். பஸ்ஸில் போகலாமே என்றால், இந்தக் காலத்து டிரைவர்களுக்குப் பிரேக் போடத் தெரியவில்லை என்பார் மாமனார்.

போய்ச் சேர்வதற்குள் நாலு நிறுத்தம். அதை அவர் அங்கே எல்லோர் முன்னாலும் நடித்தே காட்டுவார். சகலை ஒருபடி மேலே போய் 'முப்பது கிலோமீட்டர் மாப்பிள்ளை' என்று பேரே வைத்துவிட்டார். இத்தனைக்கும் நம்மவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் குழிக்குள் நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து வேலை பார்க்கிற மனிதர்.

உண்மையில் சீட்டுக்கு ஒரு குறையும் கிடையாது.

முதல் தடவை நிற்காமல்தான் போனார்கள். நாற்பதாவது கிலோமீட்டரில் மாமனாரின் பேச்சு நின்றது. எழுபதாவதில் அவருடைய முழங்கால்கள் இவர் இடுப்பைக் கிடுக்கி மாதிரி பிடித்தன. வீடு வந்ததும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடியவரைப் பார்த்து, "யாரு அது, பாத்ரூமுக்குள்ள போறது?" என்று மாமியார் பதறினார்.

நிறுத்தச் சொன்னால் மாப்பிள்ளை நிறுத்தியிருப்பார். ஆனால், எட்டு மணி நேரம் எழாத மனிதர் எந்த வாயால் சொல்வார்?

அடுத்த பயணத்திலிருந்து மாப்பிள்ளைக்கு சீட் கல்லாகிவிட்டது. மனைவியிடம்கூட அவர் மூச்சு விடவில்லை. தெரிந்தால் அவள் அக்கறையாக அப்பாவை விசாரிப்பாள், டாக்டர் என்பாள், தங்கைக்கும் போன் போடுவாள். மாமனார் கூசிப்போய், இனி எங்கேயும் வரவில்லை என்று உட்கார்ந்துவிடுவார். பேரக்குழந்தைகளை போனில்தான் பார்ப்பார்.

புருஷனுக்கு வைத்த பட்டப்பேர் மனைவிக்குப் பொறுக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை இரவு மூன்று பேரும் சாப்பிடும்போது பெருமையாக விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"ஏங்க, பைக் சீட்டைக் கழட்டி குஷன் கடையில குடுத்திருக்கேன். டபுள் ஃபோம், மேல ஜெல். நாளைக்கு மத்தியானம் ரெடி. இனிமே நடுவுல எங்கயும் நிக்க வேண்டாம், ஒரே மூச்சா போயிடலாம்."

மாமனார் குடிக்க எடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"ரொம்ப நல்லதா போச்சும்மா" என்றார்.

இரவெல்லாம் மாப்பிள்ளை வேறு காரணம் தேடினார். முதுகு வலி என்றால் வண்டியே ஓட்டக் கூடாது என்பாள். பைக்கில் கோளாறு என்றால் மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போவாள். சீட்டை விட்டால் வேறு கதி இல்லை.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் குஷன் கடைக்கு ஓடினார். புது ரெக்சின் போட்ட சீட், மேஜை மேல் பளபளவென்று இருந்தது.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. அந்த ஃபோமை எடுத்துடுங்க. முன்னைவிட இன்னும் கொஞ்சம் கெட்டியா இருந்தாலும் பரவாயில்ல."

குஷன்காரர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அழுத்திப் பாருங்க சார்."

அழுத்தினார். கட்டைவிரல் உள்ளே போகவில்லை. தட்டிப் பார்த்தார். கதவைத் தட்டினதுபோல் சத்தம் வந்தது.

"முன்பக்கம் ஃபோமே இல்ல சார், பிளைவுட். காலையில உங்க மாமனார் வந்து பக்கத்துலயே நின்னு போட வச்சார். உங்க வீட்டம்மா சொன்ன ஜெல் மொத்தத்தையும் பின்பக்கம் தனக்குப் போட்டுக்கிட்டார்."

மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. ஆறு மாதமாக ஊர் சிரிக்க வைத்தது போதாதென்று இப்போது பலகையுமா? யாருக்காக இத்தனை கேலியும் வாங்கிக்கொண்டோம் என்று மனசு விட்டுப் போயிற்று.

"ஏன்னு நீங்க கேக்கலையா?" என்றார்.

"கேக்காம இருப்பேனா? உங்களை நினைச்சா பாவமா இருக்காதா எனக்கு?"

"என்ன சொன்னார்?"

குஷன்காரர் மறுபடி ஊசியைக் கையில் எடுத்தார்.

"'அந்தப் பிள்ளை இவ்வளவு நாளா எனக்காகத்தான் நிறுத்துது, கெட்ட பேரையும் அதுவே வாங்கிக்குது. சீட்டும் சுகமாயிட்டா, நாளைக்கு என்னை இறக்கி விட அது என்ன பொய்யைத்தான் தேடும்'னு சொன்னார் சார்."