சாட்சி சொன்னவர்

“ஆண்டவரே, இந்த வீட்டில் சாம்பார்ப் பொடி தீர்ந்துபோனதை நீர் அறிவீர்,” என்று ஜெபித்தாள் அவள்.

பக்கத்தில் நின்ற புருஷனுக்குப் புரிந்தது. நாளைக்கு வாங்கிவர வேண்டும்.

ஒரு வாரமாகப் புருஷனும் பெண்சாதியும் பேசிக்கொள்வது இப்படித்தான். சாயங்கால ஜெபத்தில், முழங்காலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, ஆண்டவர் வழியாக.

நேற்று அவர் தம் சட்டைப் பொத்தான் அறுந்ததை ஆண்டவரிடம் முறையிட்டிருந்தார். காலையில் பொத்தான் தைத்திருந்தது.

இத்தனை கோபத்திலும் அவருடைய மூட்டுவலிக்குத் தலையணை எடுத்துப்போட அவள் மறக்கவில்லை. அதுதான் அவரை இன்னும் அறுத்தது.

போன ஞாயிறு ஆலயத்தில், ஆண்டவர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்ல யாராவது உண்டா என்று போதகர் கேட்டார். இவர் எழுந்தார். மைக்கைப் பிடித்தார். மனைவியின் மார்பில் கட்டி இருந்ததையும், அதை எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் இல்லை என்று வந்ததையும் சொல்லி, கண்ணீரோடு ஸ்தோத்திரம் பண்ணினார்.

சபையே அல்லேலூயா என்றது.

அவள் கூடப்பிறந்த அக்காளிடம்கூடச் சொல்லாத விஷயம் அது. அக்காள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் மைக்கால் கெட்டார்.

அன்றிலிருந்து அவள் தெருவில் இறங்கவில்லை. யாரைப் பார்த்தாலும் அவர்கள் கண் முதலில் தன் மார்புக்குத்தான் போகிறது என்று, அதையும் ஆண்டவரிடம்தான் சொன்னாள்.

சந்தோஷத்தில் உளறியதுதான். ஆனால் உளறியது அவளுடைய உடம்பை அல்லவா?

அவர் முறை வந்தது.

“கர்த்தாவே,” என்றார்.

வழக்கமாக மிஷனரிகளில் தொடங்கி மழை வரைக்கும் போவார். இன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

“கர்த்தாவே, நான் அவளைச் சபை நடுவே கூசவைத்தேன். என்னை மன்னியும்.”

பக்கத்தில் வளையல் சத்தம் கேட்டது.

“அத ஏன் ஆண்டவர்ட்ட சொல்லுதிய? நான் இங்கனதான இருக்கேன்.”

கண்ணைத் திறந்தார். அவள் எப்போதோ திறந்துவிட்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

சுவரில் தொங்கிய வசனக் காலண்டரைப் பார்த்து நின்ற மனிதர், முழங்காலைக் கிழிக்கிற வலியோடு மெல்ல அவள் பக்கம் திரும்பினார்.

கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரல் அவருக்கு. இப்போது அவள் காதுக்கு மட்டும் எட்டியது.

“எப்சி, நான்...”

அதற்கு மேல் முடியவில்லை.

“ஆமென்,” என்றாள் அவள்.