சாமியின் கையும் இஸ்மாயிலின் சக்கரமும்

"சாமீ, இன்னியோட உங்க கைக்கு ரிட்டையர்மெண்ட்! இதப் பாருங்க, கேட்டோ!"

முகமது இஸ்மாயில் பெட்டியை மேஜைமேல் பொத்தென்று வைத்தான். மட்டாஞ்சேரி பஜாரில் கிராமபோன் பழுது பார்ப்பவன். பெட்டிக்குள் ஒரு கிராமபோன் மோட்டார்; அதன்மேல் விளிம்பெல்லாம் பல் வெட்டிய பித்தளைச் சக்கரம். சக்கரம் சுற்றினால் ஒவ்வொரு பல்லும் ஒரு தகட்டைத் தொடும். 'யாராவது இருக்கேளா?' என்கிற மோர்ஸ் அழைப்பு தானாகவே வானத்தில் போகும். கை நோகவே வேண்டாம்.

சாமி என்கிற வெங்கிடேஸ்வரனுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பகலெல்லாம் வெலிங்டன் தீவில் ஆபீஸ் வேலை. சாயங்காலமானால், வீட்டிலிருந்தே வெளியூர்க்காரர்களோடு பேசவைக்கும் இந்த ஹாம் ரேடியோதான் அவருக்கு உயிர். தந்தியடிக்கும் மோர்ஸ் கீயைத் தட்டித் தட்டி விரலே காய்த்துப் போயிருந்தது.

"யந்திரம் கூப்பிட்டா யாருடா திரும்பிப் பார்ப்பா? பாலக்காட்டு சிவராமகிருஷ்ணன் என்னை நேர்ல பார்த்ததே இல்லை. ஆனா நாலு தட்டு கேட்டாப் போறும், வெங்கிட்டுவோட கைன்னு சொல்லிடுவான்."

"அவரே சொல்லட்டும் சாமி. முதல்ல உங்க கை, அப்புறம் என் சக்கரம். எது கைன்னு அவர் சரியாச் சொன்னா, சக்கரத்தக் காயல்ல எறியறேன். தப்பாச் சொன்னா, உங்க கீ பரணுக்கு! வாக்கு மாறக் கூடாது, கேட்டோ!"

"ஆகட்டும்டா!"

"ஏன்னா, செத்த இருங்கோ." மனைவி காமாக்ஷி ஓடிவந்தாள். "சதா இந்தக் கண்ணாடி மூக்குல நழுவிண்டே இருக்கு. போட்டியும் அதுவுமா..." கறுப்புக் கயிறு ஒன்றால் மூக்குக் கண்ணாடியைப் பின்னந்தலையோடு இறுக்கிக் கட்டிவிட்டாள்.

வெங்கிடேஸ்வரன் நிமிர்ந்து உட்கார்ந்து தட்டினார். ஒரு பிசகில்லை, ஒரு தடுமாற்றமில்லை. அவருக்கே பெருமையாக இருந்தது. பிறகு இஸ்மாயில் சக்கரத்தை ஓடவிட்டான். 'எது கை, எது மெஷின்?' என்று சிவராமகிருஷ்ணனைக் கேட்டு அனுப்பினார்கள்.

பாலக்காட்டிலிருந்து பதில் வந்தது. ஒலிபெருக்கியின் கட்டுக்-கடா தந்திச் சத்தத்தைக் கேட்டு வெங்கிடேஸ்வரன் வாய்விட்டுச் சொன்னார்.

"முதல்ல... வந்தது... மெஷின்." அவர் முகம் வெளுத்தது. "ரெண்டாவதுதான்... நம்ம வெங்கிட்டு. ஆயிரம் பேர்ல... தெரியும்..."

அவர் கீயைத் தானே கழற்றினார். காய்ச்சல்காரக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு பரணை அண்ணாந்து பார்த்தார்.

"காமு, அந்த ஸ்டூலை எடு. வாக்குன்னா வாக்கு."

"ஏறறதுக்கு முன்னாடி இதப் பாருங்க சாமி." இஸ்மாயில் சக்கரத்தை நிறுத்தி, விளிம்பில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினான்.

"என்னடா இது, நடுவுல பொக்கை? பல் வெட்ட மறந்துட்டியா?"

"மறக்கறதா! தினமும் கடையில உக்காந்து, நீங்க அடிக்கறத ரேடியோவில கேட்டுக் கேட்டு, அச்சு அசலா உங்க கையத்தானே சாமி வெட்டிருக்கேன். இந்தப் பொக்கை, நீங்க பாதியில நிறுத்தி மூக்குக் கண்ணாடியத் தூக்கிவிடற இடம்! அவர் கண்டுபிடிச்சது உங்க கையத்தான்!"

"அட பகவானே!" காமாக்ஷி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே வந்து கயிற்றை அவிழ்த்தாள், கண்ணாடி வழக்கம்போல் மூக்கு நுனிக்கு இறங்கியது, கீ மறுபடி மேஜைக்கு ஏறியது.